வெள்ளிக்கிழமைச் சுவர்

1

எங்கள் ஆய்வகத்தின் வாசலில் ஒரு கருநீலச் சுவர் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அதில் கை வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். கையை எடுத்தால் அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கை, விரல் விரலாக நிற்கும். பிறகு மெல்லக் கரைந்து சுவர் பழையபடி நீலமாகிவிடும். பெரிய மனிதர்கள் வந்தாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தாலும் இதே விளையாட்டுதான்.

போன வாரம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணும் கை வைத்தாள். என்னையும் வைக்கச் சொன்னாள். குளிர்கிறது என்று சொல்லி இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அந்தச் சுவரைச் செய்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அதில் நான் கை வைப்பதில்லை. காரணத்தை இந்த ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஓய்வெடு என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நம் பக்கத்து ஆட்களிடம் சொல்லலாம். உச்சிவேளை என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வருகிற தையோடு ஆச்சி போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆச்சி என்றால் என் உடன்பிறந்த அக்கா. எங்கள் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். என்னைத் தூக்கி வளர்த்தவர்.

2

நான் இருப்பது நார்வே நாட்டில், ட்ரொண்ட்ஹைம் என்ற ஊரில். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வருஷா வருஷம் போலீஸ் அலுவலகத்துக்குப் போகவேண்டும். தமிழ் என்று நான் சொன்னதும் அங்கே இருக்கிற அம்மாள் தானாகவே இலங்கை என்று எழுதத் தொடங்குவார். இல்லை, காரைக்குடி என்பேன். அது யாழ்ப்பாணத்துக்கு எந்தப் பக்கம் என்று பிரியமாகக் கேட்பார். சண்டை சீக்கிரம் நின்றுவிடும், தைரியமாக இரு என்று ஆறுதலும் சொல்வார். முதலில் எல்லாம் வாதாடிப் பார்த்தேன். இப்போது நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறேன். ஆறுதலுக்கு நான் ஏன் சண்டை போடவேண்டும்?

வேலை, கட்டடங்களுக்கான பூச்சு. சாதாரண பெயிண்ட் இல்லை. சூட்டையும் குளிரையும் தானே உணர்ந்து தானே நிறம் மாறுகிற பூச்சு. முப்பத்தொரு டிகிரிக்குக் கீழே கருநீலம், அதற்கு மேலே வெள்ளை. குளிர்காலத்தில் சுவர் கறுத்து வெயிலைக் குடிக்கும், கோடையில் வெளுத்து வெயிலைத் திருப்பி அனுப்பும், வீட்டுக்குத் தோல் முளைத்த மாதிரி இருக்கும் என்பது எங்கள் தலைவரின் கனவு. கொதிக்கிற ஊரில் ஒருமுறை சோதித்துப் பார்க்கவேண்டும் என்றார். சித்திரையில் ஊருக்குப் போகிறேன் என்று நான் கையைத் தூக்கினேன்.

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி டப்பாவைத் திறக்கச் சொன்னார். விமானத்தின் வயிற்றில் குளிர்ந்து வந்த பெயிண்ட் நல்ல நீலமாக இருந்தது. விரலால் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் தடவிக் காட்டினேன். வெளுத்தது. "இன்னொரு தடவை பண்ணுங்கம்மா" என்றார். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டார். பெட்டியில் வேறு என்ன இருக்கிறது என்று பார்க்க இருவருக்கும் மறந்தே போயிற்று.

கூட வந்த என் மகள் உமையாளுக்கு அப்போது பத்து வயது. தமிழ் புரியும், பதில் மட்டும் நார்வே மொழியில் வரும். காரைக்குடிக்குப் பக்கத்தில், கண்டனூரில் ஆச்சி வீட்டுப் படியேறியதும் நான் சொல்லிக்கொடுத்திருந்த வாக்கியத்தை எடுத்துவிட்டாள்.

"பெரியாத்தா, நீ நல்லா இருக்கியா?"

ஆச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லா இருக்கேன்டி எஞ் சோட்டுக்காரி. இருக்கீகளான்னு கேக்கணும். எங்க, சொல்லு?"

உமையாளுக்கு அது வாயில் நுழையவில்லை.

3

ஆச்சி வாழ்க்கைப்பட்டுப் போன வீடு அது. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். அயித்தான், அதாவது ஆச்சியின் கணவர், இறந்த பிறகு அதில் ஆச்சி ஒருவர்தான். கொழுந்தனார்கள் சென்னையிலும் பினாங்கிலும் இருந்தார்கள். கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் வந்து அவரவர் அறையைத் திறந்து, முடிந்ததும் பூட்டிக்கொண்டு போவார்கள். போகும்போது, வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்று சொல்வார்கள். ஆச்சி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். கடைசிவரை அந்த வீட்டிலேயே இருக்கவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆச்சிக்குச் சர்க்கரை இருந்தது. காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருநாளும் தவறமாட்டார். வெள்ளிக்கிழமை ஒருபொழுது, அதையும் தவறமாட்டார். யாருக்கு வாக்குக் கொடுத்தாலும் அதைக் காப்பாற்றுவதில் அவ்வளவு பிடிவாதம்.

முதலில் வெளிச்சுவரில் ஒரு பகுதிக்குப் பூசினேன். மிச்சத்தை எங்கே பூசுவது? முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து மெழுகிய பளபளப்புச் சுவர்களில் கை வைத்தால் பங்காளிகள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். முற்றத்தைச் சுற்றிய வளவிலிருந்து அடுப்படிக்குப் போகிற நடையில் மட்டும் பூச்சு உதிர்ந்து எப்போதோ சிமெண்டு பூசியிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு. அந்த நடையின் நீளத்துக்கும் பூசினேன். பூசிக் காய்ந்ததும் அடுப்புச் சூட்டில் சுவர் வெளுத்து நின்றது.

வேலை செய்ய வரும் மருதாயி கை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. "இதுக்கா இம்புட்டுத் தூரம் தூக்கிக்கிட்டு வந்தீக?" என்றாள்.

"மார்கழியில பாரு. சுவர் நீலமா இருக்கும், கை வச்சா வெள்ளையா விழுகும். வெயில் காலத்துல எந்தக் கையும் விழுகாது. நம்ம ஒடம்பும் சூடு, சுவரும் சூடு" என்று பாடம் நடத்திவிட்டுத்தான் கிளம்பினேன்.

வெளிச்சுவர் மூன்றே மாதத்தில் செத்துப்போனது. வெயிலுக்கு என்று செய்த பூச்சு வெயிலையே தாங்கவில்லை. நடைச் சுவர் பிழைத்துக்கொண்டது. மார்கழியில் தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்து கை வைத்து விளையாடினார்கள் என்று ஆச்சி போனில் சொன்னார்.

4

அடுத்த சித்திரையில் சென்னைக் கொழுந்தனாரிடமிருந்து போன் வந்தது. வீட்டில் ஏதோ நடமாட்டம் இருக்கிறதாம், மருதாயி நின்றுவிட்டாளாம், வேறு யாரும் வேலைக்கு வர மாட்டேன் என்கிறார்களாம். வைகாசியோடு வீட்டைப் பூட்டுவதாக முடிவு செய்துவிட்டோம், ஆச்சியிடம் நீங்கள்தான் வந்து பேசவேண்டும் என்றார். பள்ளிக்கூடத்தில் விடுப்புக்கு எழுதிக்கொடுத்து உமையாளையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

முதலில் மருதாயி வீட்டுக்குத்தான் போனேன். அவள் என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் கதவை ஒருக்களித்து வைத்தாள்.

"வெள்ளிக்கிழம தாயி, உச்சிப்பொழுது. கொல்லைப்பக்கமா வந்து அந்த நடையில நொழையுறேன். சுவத்துல நீலமா கை. ஒண்ணு இல்ல, வரிசையா. பாத்துக்கிட்டே நிக்கிறேன், மொதக் கை அழியுது. அதுக்கடுத்தது அழியுது. அதுக்கும் அடுத்தது. ஆரோ நடந்து போற மாதிரி அழிஞ்சுக்கிட்டே அங்குட்டு அடுப்படிக்குள்ள போச்சு. நான் திரும்பிப் பாக்காம ஓடியாந்துட்டேன்."

"ஆச்சி கையா இருக்கும்."

"என்ன தாயி இப்படிச் சொல்றீக? நீங்கதான சொன்னீக, வெயில் காலத்துல எந்தக் கையும் விழுகாதுன்னு. உசுரோட இருக்கவுக கைன்னா சூடா இருக்குமுல்ல?"

வெளுத்து நிற்கிற சுவரில் நீலம் விழவேண்டும் என்றால் தொடுகிற பொருள் முப்பத்தொரு டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கவேண்டும். அந்தப் பாடத்தை நடத்தியவள் நான். ஈரக் கையாக இருக்கும் என்று சமாதானம் சொன்னேன். "ஈரக் கை வச்சும் பாத்துட்டோம் தாயி. லேசா விழுந்து ஒடனே போயிருச்சு. இது அப்புடி இல்ல" என்றாள். தெருவில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அயித்தான்தான் நடக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும்.

எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். விஷயம் தெரியாதவர்களைவிட எனக்குத்தான் அதிகம் பயமாக இருந்தது. அவர்கள் பார்த்தது ஒரு கை. எனக்குத் தெரிந்தது, அந்தக் கை எவ்வளவு குளிர்ந்திருக்கவேண்டும் என்பது.

ஆச்சியிடம் கேட்டேன். முறத்திலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும். ஒனக்கு என்ன பண்ணுது?"

"வீட்டைப் பூட்டப் போறாகளாம் ஆச்சி."

"பூட்டட்டும். உள்ள வச்சுப் பூட்டச் சொல்லு" என்றார்.

5

வெள்ளிக்கிழமை நானும் உமையாளும் வளவுத் தூணில் சாய்ந்து நடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஆச்சி சாமி அறையில் இருந்தார். முற்றத்து வெயிலில் கண் கூசியது. புறாக்கள் கூட அடங்கிவிட்டன. பூட்டிக்கிடக்கும் அறைகளிலிருந்து மரம் வெடிக்கிற சத்தம் அவ்வப்போது வந்தது. ஒவ்வொரு தடவையும் உமையாள் என் புடவையைப் பிடித்தாள். பயத்தில் இல்லை, குஷியில். ட்ரொண்ட்ஹைமில் போய்ச் சொல்ல அவளுக்கு ஒரு கதை கிடைத்துக்கொண்டிருந்தது.

தண்ணீர் வேண்டும் என்றாள். முகப்பில் இருந்த பானைக்குக் கூட்டிப்போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அவ்வளவு நேரம்தான்.

நடைச் சுவரில் கைகள் இருந்தன.

இடுப்பு உயரத்தில், வரிசையாக. வளவுப் பக்கத்துக் கை ஏற்கெனவே மங்கியிருந்தது. அடுத்தது அதைவிட நீலம். போகப் போக நீலம் கூடிக்கொண்டே போனது. நாங்கள் வந்து நிற்கும்போதே முதல் கை இல்லாமல் போயிற்று. உமையாள் இப்போது என் புடவையை விடவே இல்லை. அந்தக் கைகள் மேலிருந்து கீழே சரிந்துகொண்டு போவதைப் பார்த்தேன். கடைசிக் கை முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது, விரல்கள் இழுபட்டிருந்தன. தொட்டுப் பார்த்தேன். ஈரம். கிணற்றிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி சில்லென்று இருந்தது. அங்குட்டுப் போகாதே என்று என் உடம்பு முழுவதும் சொன்னது. போனேன்.

அடுப்படியில் ஆச்சி எங்களுக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். ரவிக்கை முழுவதும் வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. கூப்பிட்டேன். திரும்பினார். என்னைப் பார்த்தார், ஆனால் கண் என் மேல் நிற்கவில்லை.

"வள்ளி, அயித்தான் வந்துட்டாகளா? எலையைப் போடவா?"

கையைப் பிடித்தேன். அந்தச் சுவரில் இருந்த குளிர் அதில் இருந்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. படித்த படிப்பு ஒன்றும் வரவில்லை. ஆச்சி செத்துக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது.

உமையாள்தான் கத்தினாள், நார்வே மொழியில். சர்க்கரை, அம்மா, சர்க்கரை! அவள் வகுப்பில் சர்க்கரை வியாதி உள்ள ஒரு பையன் இருந்தான். அவன் வேர்த்து உளறினால் உடனே என்ன கொடுக்கவேண்டும் என்று பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தார்கள். அலமாரியில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து நக்கிப் பார்த்துச் சீனியைக் கண்டுபிடித்தாள். ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்து, "வாய்! வாய் திற! நீ வாய் திற!" என்று பெரியாத்தாவை அதட்டினாள்.

கை மெல்லச் சூடாகி வருவதை நான் பிடித்துக்கொண்டே இருந்தேன். பார்வை திரும்பியதும் ஆச்சி முதலில் சொன்னது, "ஏன்டி சீனியை இப்புடிக் கொட்டி வச்சிருக்கீக? எறும்பு வரும்" என்பது.

பிறகு எல்லாம் விளங்கியது. சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை சாப்பாடு உச்சிக்கு. ஆச்சி இரண்டு வாக்கையும் காப்பாற்றினார். காலையில் மாத்திரை, பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது, பூஜை முடிந்துதான் இலை. அந்த நேரத்துக்குள் சர்க்கரை இறங்கி, வேர்த்து, ரத்தம் கைக்கு வராமல் விறைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போயிருக்கிறார். சுவரில் விழுந்தது செத்தவர் கை இல்லை. சாகப்போகிறவர் கை.

"அது உங்க கை ஆச்சி" என்றேன்.

ஆச்சி வெகுநேரம் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றும் இல்லை, சுவர் வெள்ளையாக இருந்தது.

"அப்ப அவுக இல்லையா?"

தரையில் சிந்திக்கிடந்த சீனியைக் கூட்டி அள்ளினேன்.

"தல சுத்துறப்ப சுவத்துல கை தெரியும் வள்ளி. அவுக கூடவே வர்றாகன்னு நெனச்சுக்கிட்டு அதைப் புடிச்சே போயிருவேன். அதான் பூட்டுனாலும் போகமாட்டேன்னேன்."

எனக்கு அழுகை வந்தது. அயித்தானை அந்த வீட்டிலிருந்து இன்னொரு தடவை எடுத்துக்கொண்டு போய்விட்டோம் என்று தோன்றியது.

6

டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். ஒருபொழுதில் சோறுதான் கூடாது, காலையில் பலகாரம் சாப்பிடலாம் என்று நான் சொன்னதற்கு, "எனக்கு நீ சாத்திரம் சொல்றியா?" என்று சீறிவிட்டு மறு வெள்ளியிலிருந்து இட்லி சாப்பிட்டார். மருதாயி திரும்பி வந்தாள். கொழுந்தனார் பூட்டு விஷயத்தை விட்டுவிட்டார்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமை காலையில் நான் அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் கண்டனூருக்குப் போன் போடுவேன். அங்கே உச்சிவேளை.

"சுவத்துல கை வச்சீகளா?"

"வச்சேன்."

"விழுந்துச்சா?"

"ஒண்ணும் விழுகல, போ."

ஒவ்வொரு தடவையும் எனக்கு நிம்மதி. ஆச்சியின் குரலில் மட்டும் ஒரு சின்ன ஏமாற்றம் இருக்கும். மூன்று கோடையிலும் அது போகவே இல்லை. தலைவருக்குக் கொடுத்த அறிக்கையில் வெளிச்சுவர் செத்த கதையை எழுதினேன். நடைச் சுவர் என்ன செய்தது என்பதை எந்த இடத்தில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

7

ஆச்சி ஒரு தை மாதம், தன் கட்டிலில், தூக்கத்திலேயே போனார். அந்த வீட்டில்தான். பனிப்புயலில் விமானம் கிளம்பாமல் எனக்கு முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அந்த வைகாசியில்தான் போக முடிந்தது. வீட்டைப் பூட்டியிருந்தார்கள். கொழுந்தனார் சாவியைக் கொடுத்தனுப்பினார்.

உமையாளுக்குப் பதினான்கு வயது. காதில் வாக்மேன். ட்ரொண்ட்ஹைமில் அவள் அறைக்கதவு எப்போதும் சாத்தியிருக்கும், சாப்பிடுகிறாயா என்று கேட்டால் தோளைக் குலுக்குவாள். ஊருக்கு வரமாட்டேன் என்றவள், கடைசி நாளில் ஏனோ பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நாங்கள் கண்டனூருக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. கதவைத் திறந்ததும் அடைந்துகிடந்த சூடு முகத்தில் அடித்தது. அடுப்பு எரியாமலேயே நடைச் சுவர் வெளுத்து நின்றது. பூச்சுக்கு இன்னும் உயிர் இருந்தது. அங்கங்கே மட்டும் செத்துத் திட்டாகியிருந்தது. ஆச்சி நடந்த வழியில் நடந்தேன். கொஞ்சம் தலை சுற்றியது. துக்கம் என்று நினைத்தேன். கையைச் சுவரில் ஊன்றி எடுத்தேன்.

நீலமாக ஒரு கை.

என் கைதான். மோதிரம் இருந்த இடம்கூடத் தெரிந்தது. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. அந்தச் சுவரில் எது நீலமாக விழும் என்று உலகத்திலேயே எனக்கு நன்றாகத் தெரியும். ஆய்வகச் சுவரில் கை வைத்து வெள்ளை விழாமல் போய்விட்டால் என்ற பயம் அன்றிலிருந்துதான்.

எனக்கும் சர்க்கரை என்று ஒரு வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். உமையாளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் என்னை நோயாளியாகப் பார்ப்பாள், வேலையைக் குறை என்பாள், ஒருநாள் எங்காவது கொண்டுபோய் வைப்பாள் என்று பயம். அன்று காலை காரைக்குடி விடுதியில் வழக்கம்போல மாத்திரையை விழுங்கினேன். பிறகு, ஆச்சிக்காக இந்த ஒரு வெள்ளி ஒருபொழுது இருப்போம் என்று தோன்றியது. இருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க என் புத்திக்கு எட்டவில்லை.

உமையாள் சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். காதிலிருந்ததைப் பிடுங்கிப் போட்டாள். அவள் பையின் ஓரத்தில் ஒரு பொட்டலம் சீனிக்கட்டி இருந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எப்போதும் வைத்திருக்கிறாளாம். எனக்குத் தெரியாது.

"உமா, அது ஒண்ணும் இல்ல…"

"பேசாதீக" என்றாள். ஆச்சியின் குரல் மாதிரியே இருந்தது. "வாயைத் தொறங்க."

என்னைத் தரையில் உட்காரவைத்து, சீனிக்கட்டி கரையும்வரை தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், சுவரில் இன்னும் மங்கலாக நின்ற என் கையின் மேல் தன் கையைப் பொருத்தி, விரலோடு விரல் வைத்து, அழுத்திப் பிடித்தாள். அவள் எடுத்தபோது சுவர் வெள்ளையாக இருந்தது.